ஹோண்டா ஒடிசி வேன்: பவர் ஸ்டீயரிங் பம்ப்பை வீட்டிலேயே மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது வெறும் முனகல்தான் என்றால், முதலில் பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவை எட்டிப் பாருங்கள். நுரை தெரிந்தால் எங்கோ காற்று புகுகிறது. பழைய ஒடிசிகளில் பல நேரம் பம்ப்புக்குள் ஆயில் வரும் குழாய் மூட்டில் இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காய்ந்து இறுகியிருக்கும். சில்லறைக் காசில் முடிகிற வேலை.

பம்ப்பேதான் போய்விட்டது என்றால் சரி, பெல்ட்டைத் தளர்த்தி இரண்டு குழாய்களையும் போல்ட்களையும் கழற்ற வேண்டும். அதற்கு முன் ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) மேல் பழைய துணி போடுங்கள். ஆயில் சிந்தாமல் இந்த வேலை நடக்காது. புதுப் பம்ப்பை மாட்டியதும் ஹோண்டா பவர் ஸ்டீயரிங் ஆயில் மட்டுமே ஊற்றுங்கள், கியர் ஆயில் வேண்டாம். அப்புறம் முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிடாமல், ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகப் பலமுறை திருப்புங்கள். ஆயில் டப்பாவில் குமிழி வருவது நிற்கும்வரை.