அனுப்பிய க்யூபிட் யாருடையது?

கேள்வி: குவாண்டம் கணினிகள் தமக்குள் தகவல் பரிமாறும் முறைகளைக் கணிதக் குறியீடுகளில் எழுதிச் சரிபார்ப்பதாகப் படித்தேன். ஒரு க்யூபிட்டின் (குவாண்டம் தகவலின் அடிப்படை அலகு) நிலையை வேறோர் இடத்தில் மீட்டெடுக்கும் டெலிபோர்ட்டேஷன் நெறிமுறையே அரைப் பக்கத்தில் அடங்கிவிடுகிறதே; அதற்குத் தனியாக ஒரு மொழி எதற்கு?

பதில்: அரைப் பக்கத்துக்குள்ளும் பிழை ஒளிந்துகொள்ள இடமுண்டு. 1993-இல் பென்னட், பிராசார்ட் உள்ளிட்ட அறுவர் முன்வைத்த அந்த நெறிமுறையில், பின்னலில் உள்ள, அதாவது நிலைகள் ஒன்றோடொன்று பிணைந்த, இரு க்யூபிட்டுகளை அனுப்புநரும் பெறுநரும் ஆளுக்கொன்றாக வைத்திருப்பார்கள். அனுப்பவேண்டிய க்யூபிட்டையும் தம் பங்கையும் அனுப்புநர் சேர்த்து அளக்கும்போது 00, 01, 10, 11 என்ற நான்கில் ஒரு விடை கிடைக்கும். அந்த இரண்டு சாதாரண பிட்டுகளைக் கொண்டுதான் பெறுநர் தம் க்யூபிட்டைத் திருத்தி, மூல நிலையை மீட்கிறார். அந்த பிட்டுகள் ஒரே தடத்தில் தனித்தனியாகப் புறப்பட்டு, முன்பின்னாக வந்து சேர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 00, 11 என்றால் பாதிப்பில்லை. 01 வரவேண்டிய இடத்தில் 10 வந்தாலோ பெறுநர் தவறான திருத்தத்தைச் செய்துவிடுவார். அம்புக்குறிகளால் படம் வரைபவரின் கண்ணுக்கு இது எளிதில் படாது. ஒரே நேரத்தில் நடப்பவை எந்தெந்த வரிசையில் நடக்கக்கூடும் என்று ஒன்றுவிடாமல் பார்க்கும் மொழியில் எழுதினால் தப்பாது.

ஒரே நேரத்தில் இயங்கித் தமக்குள் செய்தி பரிமாறும் செயல்முறைகளை விவரிக்க ராபின் மில்னர் முதலியோர் உருவாக்கிய பை-கால்குலஸ் என்ற கணித மொழியை அடிப்படையாகக் கொண்டு, 2005-இல் சைமன் கேயும் ராஜகோபால் நாகராஜனும் சி.க்யூ.பி. என்ற மொழியை வெளியிட்டார்கள். அதில் ஒரு விதி என்னை மிகவும் கவர்ந்தது: க்யூபிட்டைத் தடத்தில் அனுப்பிய பிறகு, அனுப்பியவர் அதன் பெயரை மீண்டும் பயன்படுத்தினால், நிரல் ஓடுவதற்கு முன்பே, பெயர்கள் விதிப்படி பயன்படுகின்றனவா என்று பார்க்கும் வகைச் சோதனை அதை மறுத்துவிடும். மின்னஞ்சலை அனுப்பினால் பிரதி நம்மிடமே தங்கும். முன்பின் அறியாத குவாண்டம் நிலையையோ நகலெடுக்கவே இயலாது என்று 1982-இல் நிறுவப்பட்டது. அந்த இயற்பியலுக்கு ஏற்ற ஒழுங்கு இங்கே மொழியின் இலக்கணமாகவே அமைந்துவிட்டது.

உண்மையில் கடினமான இடம் வேறு. ஒரே மாதிரி நடந்துகொள்ளும் இரு செயல்முறைகளில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தால், சுற்றியுள்ள பெரிய அமைப்பு மாறக்கூடாது. பின்னலில் உள்ள க்யூபிட்டின் நிலையைத் தனியே பிரித்துச் சொல்லிவிட முடியாததால், ‘ஒரே மாதிரி’ என்பதற்கான தொடக்ககால வரையறைகள், பல செயல்முறைகள் இணையாக இயங்கும்போது இந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. யுவான் ஃபெங், ருன்யாவ் டுவான், மிங்ஷெங் யிங் ஆகியோர் க்யூ.சி.சி.எஸ். என்ற, இதே வகையான இன்னொரு மொழிக்கு இதை 2011-இல் சாதித்துக் காட்டினார்கள். டெலிபோர்ட்டேஷனும் ஒரு க்யூபிட்டை நேரடியாகக் கொண்டுசேர்க்கும் தடமும் சமம் என்று ஒருமுறை நிறுவிவிட்டால், எவ்வளவு பெரிய வலைப்பின்னலிலும் மறுகணக்கின்றி ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்கலாம் என்ற உறுதி இத்தகைய முடிவால்தான் கிடைக்கிறது.