காந்தப்புலம் ஒலியின் வேகத்தைத் திசைக்குத் திசை மாற்றுமா?

படிகத்தைக் காந்தப்புலத்தில் வைத்தால், ஒலி ஒரு திசையில் விரைவாகவும் எதிர்த்திசையில் மெதுவாகவும் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகலை இயற்பியல் மாணவராக இருப்பீர்கள், வாய்மொழித் தேர்வும் நெருங்கியிருக்கும். போகும். எல்லாப் படிகத்திலும் அல்ல.

2011-ல் எனக்கும் வாய்மொழித் தேர்வு நடந்தது. குவார்ட்ஸ் துண்டில் மீயொலியின் வேகத்தை அளந்ததுதான் என் ஆய்வு. “எந்த முனையிலிருந்து அனுப்பினாலும் வேகம் ஒன்றுதானே?” என்றார் வெளித் தேர்வாளர். “ஒன்றுதான் ஐயா. காந்தப்புலம் இருந்தால் மாறலாம்” என்றேன். சங்கைப்போலப் படிகத்திலும் வலம்புரி, இடம்புரி உண்டு, ஒளியில் இப்படியொரு விளைவை 1997-லேயே பார்த்துவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், “ஏன் தம்பி, காந்தம் காற்று ஊதுமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் வழிகாட்டியும் சிரித்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

2019-ல் அளந்தே காட்டிவிட்டார்கள். செம்பு, செலினியம், ஆக்சிஜன் சேர்ந்த படிகம் அது. அதன் அணு அடுக்கு ஒரு பக்கமாகத் திருகியிருக்கும். செம்பு அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அவை அடுத்தடுத்துத் தலையசைப்பதும் ஓர் அலைதான், மேக்னான் என்று பெயர். அடுக்கு திருகியிருப்பதால், புலத்தோடு போகும் மேக்னானும் எதிர்த்து வரும் மேக்னானும் ஒன்றுபோல் நடப்பதில்லை. ஒலி அதனோடு கலக்கும்போது அந்த ஓரவஞ்சனை ஒலிக்கும் தொற்றிக்கொள்கிறது. வேக வேறுபாடு மிகமிகச் சிறியது. இடம்புரிப் படிகமானால் அது தலைகீழாகும். 58 கெல்வினுக்கு மேல், அதாவது சுமார் மைனஸ் 215 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், மறைந்துவிடும். 2023-ல் கோபால்ட், துத்தநாகம், மாங்கனீசு கலந்த உலோகத்தில் 250 கெல்வின் வரை பார்த்திருக்கிறார்கள். அது ஏறக்குறைய வீட்டு உறைபெட்டியின் குளிர்தான்.

‘குவார்ட்ஸ் காந்தப் பொருளே அல்லவே, நீ சொன்னதும் தவறுதானே’ என்று யாரேனும் கிளம்புவதற்கு முன் நானே ஒப்புக்கொள்கிறேன். அந்தத் துண்டில், என் மேசையில் இருந்த கருவியில், எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் ‘மாறலாம்’ என்றுதான் சொன்னேன், ‘மாறியது’ என்று சொல்லவில்லை. மதிப்பெண் போனதற்காகவும் இதை எழுதவில்லை.

என் ஆய்வேட்டில் தேர்வு நடத்தியவர்கள் உன்னிப்பாகப் பார்த்தது அட்டையை மட்டும்தான். நான்கு பிரதிகள், கருநீல அட்டை, பொன்னெழுத்து. நீலம் சற்று வெளிறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். கல்லூரி வாசலில் இருந்த ஒரே பைண்டிங் கடையில் இரண்டாம் முறையும் முழுப் பணம் கொடுத்தேன். உள்ளே 31-ஆம் பக்கத்தில் வரைபடம் தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது. இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.