கெட்டிமேளம் ஒலிக்கும் அந்தச் சில நொடிகள்

கேள்வி: தை மாதம் என் மகளுக்குத் திருமணம். தாலி கட்டும் காட்சியே பல ஆல்பங்களில் சரியாக அமைவதில்லையே, ஏன்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பெரும்பாலும் அது கேமராவின் குறையன்று, சடங்கின் வரிசையை முன்கூட்டியே கேட்டறியாததால் நேர்வது. கெட்டிமேளம் ஒலித்ததும் அட்சதை மழையாக விழும், உறவினர்கள் எழுந்து நிற்பார்கள், மாப்பிள்ளையின் கைகளோ மாலைகளுக்குள் மறைந்துவிடும். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவது பல குடும்பங்களின் வழக்கம் என்பதால், அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதை முந்தைய நாளே கேட்டுக்கொண்டு, அதற்கு எதிர்ப்பக்கத்தில் நான் இடம் பிடித்துவிடுவேன். ஓமப் புகைக்குள் ஃபிளாஷ் நேராகப் பாய்ந்தால் படம் வெளிறிவிடும். பக்கவாட்டு ஒளியே நல்லது.

பிலிம் காலத்தில், 36 படங்கள் கொண்ட சுருள் மூன்றாம் முடிச்சுக்கு முன்பே தீர்ந்துபோய், ஒரு தாயாரிடம் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். அந்த வருத்தம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

பிராமணத் திருமணங்களில் மணப்பெண் தந்தையின் மடியில் அமர்ந்திருக்கும்போது தாலி கட்டப்படுகிறது. மஞ்சள் சரடு கழுத்தில் ஏறும் வேளையில், மகளின் தோளுக்குப் பின்னால் அந்தத் தந்தையின் உதடுகள் நடுங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். என்னைக் கேட்டால், தாலிக்கு இணையாக எடுக்க வேண்டிய படம் அதுவே.

உங்கள் வீட்டு வழக்கங்களை ஒரு தாளில் எழுதிப் புகைப்படக்காரரிடம் கொடுங்கள். முகூர்த்த நேரத்தில் கைப்பேசியுடன் யாரும் மேடை ஏறாதவாறு பொறுப்பான ஒருவரை நிறுத்துங்கள்.