ஸ்வீடனையும் பெருவையும் பக்கத்துல வச்சு பாக்குறதுக்கு முன்னாடி

எம்பிஎச் (பொது சுகாதார முதுகலைப் படிப்பு) முதல் வருஷம் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: "மேடம், கொரோனா டைம்ல ஒவ்வொரு நாடும் எடுத்த பாலிசிய ஒப்பிட்டு செமினார் குடுக்கணும். ஸ்வீடன் லாக்டவுன் போடல, சாவு கம்மி. பெரு சீக்கிரமே போட்டுச்சு, ஆனா மக்கள்தொகைக்கு பாத்தா அங்கதான் சாவு ரொம்ப அதிகம். அப்ப லாக்டவுன் வேஸ்ட்னு எழுதலாமா? எந்த டேட்டா எடுக்குறது?"

அப்படி எழுதிடாதீங்க தம்பி. முதல்ல டேட்டாவ பேசிடலாம். அரசு அறிவிச்ச கொரோனா சாவ வச்சு நாட்டுக்கு நாடு ஒப்பிடவே கூடாது, ஏன்னா டெஸ்ட் எடுக்காமயே செத்தவங்க அந்த கணக்குல வரமாட்டாங்க. நீங்க சொன்ன பெருவே 2021 மே 31ஆம் தேதி கணக்க திருத்துனப்போ சுமார் 69,000ஆ இருந்தது ஒரே நாள்ல 1,80,000ஐ தாண்டிடுச்சு. அதனால கூடுதல் சாவு கணக்க எடுங்க, அதாவது முந்தின வருஷங்கள வச்சு பாத்தா எத்தன பேர் இறந்திருப்பாங்க, நிஜமா எத்தன பேர் இறந்தாங்க, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம். உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 ரெண்டு வருஷத்துக்கும் சேத்து உலகம் முழுக்க சுமார் 1.49 கோடினு மதிப்பிட்டுச்சு. இந்தியாவுக்கு மட்டும் 47 லட்சம்னு சொன்னாங்க, நம்ம அரசோட கணக்கு 4.8 லட்சம், அரசு அந்த மதிப்பீட்ட ஒத்துக்கவே இல்ல. இந்தியாவையும் சேக்குறதா இருந்தா இந்த விவகாரத்தையும் சேத்துதான் எழுதணும்.

இப்ப பெருவுக்கு வருவோம். 2020 மார்ச் 16லயே லாக்டவுன், ராணுவம் ரோட்டுல, பேப்பர்ல பாத்தா ரொம்ப கண்டிப்பான பாலிசி. ஆனா அங்க பாதி வீட்டுல ஃப்ரிட்ஜே கிடையாது, ஜனங்க மார்க்கெட்டுக்கு அடிக்கடி போயே ஆகணும், உழைக்கிறவங்கள்ல பத்துல ஏழு பேர் அன்னன்னைக்கு சம்பாதிச்சு சாப்பிடற மாதிரியான முறைசாரா வேலையில இருந்தாங்க. அரசு நிவாரணப் பணம் குடுத்துச்சு, நல்ல விஷயம்தான், ஆனா பெரியவங்கள்ல பாதிப் பேருக்கு மேல பேங்க் அக்கவுண்ட் இல்லாததால அந்தப் பணத்த வாங்கவே பேங்க் வாசல்ல கூட்டம் கூட்டமா நின்னாங்க. ஏப்ரல்ல ஆம்பளைங்க ஒரு நாள் பொம்பளைங்க ஒரு நாள்னு வெளிய வர முறை வச்சாங்க, வீட்டுக்கு சாமான் வாங்குறது பெரும்பாலும் பொம்பளைங்கதானே, அவங்க நாள்ல மார்க்கெட் பிதுங்கி வழிஞ்சுச்சு, சுமார் ஒரு வாரத்துலயே அந்த முறைய கைவிட்டுட்டாங்க. இது போக ஐசியு பெட்டும் கம்மி, ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு சொந்தக்காரங்க ராத்திரி பூரா வரிசையில நிக்க வேண்டிய நிலை. இதப் படிக்கிறப்ப இன்னமும் எனக்கு மனசு பொறுக்க மாட்டேங்குது. வீட்டுலயே இருன்னு உத்தரவு போட்டவங்க, வீட்டுலயே இருக்குறதுக்கு என்ன வேணுமோ அத குடுக்க முடியல.

ஸ்வீடன்ல இது தலைகீழ். உத்தரவு கம்மி, வசதி ஜாஸ்தி. உடம்பு சரியில்லாம லீவு போட்டா முதல் நாள் சம்பளம் கிடையாதுங்கற விதிய 2020 மார்ச்சுலயே தற்காலிகமா தளர்த்திட்டாங்க, லேசா இருமல் வந்தாக்கூட வேலைக்குப் போகாம இருக்க முடிஞ்சுச்சு. "லாக்டவுன் போடல" அப்படிங்கறதும் முழுசா சரியில்ல, 50 பேருக்கு மேல கூடக்கூடாதுன்னு தடை, காலேஜ் எல்லாம் ஆன்லைன், சின்னப் பிள்ளைங்க ஸ்கூல் மட்டும்தான் திறந்தே இருந்துச்சு. அதோட சாவு கம்மின்னு எத வச்சு சொல்றீங்க? 2020ல பக்கத்துல இருக்க நார்வேயோட பாத்தா மக்கள்தொகை விகிதத்துல பல மடங்கு அதிகம், முதியோர் இல்லங்கள்லதான் பெரிய அடி, முதியவங்கள காப்பாத்தத் தவறிட்டோம்னு அவங்க போட்ட விசாரணை கமிஷனே 2020 டிசம்பர்ல சொல்லிடுச்சு. அதே ஸ்வீடன், 2020ல இருந்து 2022 வரைக்கும் சேத்துப் பாத்தா பல கணக்குல ஐரோப்பாவிலயே கூடுதல் சாவு குறைஞ்ச நாடுகள்ல ஒண்ணு. எந்த தேதியில இருந்து எந்த தேதி வரைக்கும்னு முதல் ஸ்லைட்லயே போடுங்க, இல்லேன்னா யார் வேணா எத வேணா நிரூபிச்சுடலாம்.

தயார் நிலைக்கு தென்கொரியாவ பாருங்க. 2015ல மெர்ஸ்ங்கற இன்னொரு கொரோனா வகை வைரஸ் நோய் வந்து 186 பேருக்கு தொத்தி 38 பேர் இறந்தாங்க, அதுக்கப்புறம் அவசர காலத்துல டெஸ்ட் கிட்டுக்கு சீக்கிரம் அனுமதி குடுக்க வழி பண்ணி வச்சிருந்தாங்க. முதல் கேஸ் 2020 ஜனவரி 20, முதல் கிட்டுக்கு அனுமதி பிப்ரவரி 4! ஆனா 2019 அக்டோபர்ல வந்த உலக தயார்நிலை தரவரிசையில முதல் இடம் அமெரிக்கா, ரெண்டாவது பிரிட்டன், நியூசிலாந்து 35வது இடம். கொரோனா வந்தப்ப நடந்தது இதுக்குத் தலைகீழ், அதனால இந்த மாதிரி தரவரிசைய கண்ண மூடிக்கிட்டு ஸ்லைட்ல ஏத்தாதீங்க. ஆக்ஸ்ஃபோர்ட் காரங்களோட ஸ்ட்ரின்ஜென்ஸி இண்டெக்ஸும் (கட்டுப்பாடு எவ்வளவு கண்டிப்புன்னு காட்டுற எண்) அப்படித்தான், அரசு என்ன விதி போட்டுச்சுன்னுதான் அளக்கும், ஜனங்களால அத கடைப்பிடிக்க முடிஞ்சுதான்னு அதுல தெரியாது.

என்னக் கேட்டா ஸ்வீடன் பெரு ஜோடிய விட்டுட்டு நியூசிலாந்து ஹாங்காங் எடுங்க. ரெண்டுமே வைரஸ பெருசா பரவ விடாம 2022 தொடக்கம் வரைக்கும் ஓட்டுன இடம், அதனால ஒப்பிடறதுல ஞாயம் இருக்கு. ஒமிக்ரான் வர்றதுக்குள்ள நியூசிலாந்து வயசானவங்களுக்கு பெரும்பாலும் தடுப்பூசி போட்டு முடிச்சிடுச்சு, ஹாங்காங்ல 80 வயசு தாண்டினவங்கள்ல பாதிப் பேர் கூட ரெண்டு டோஸ் போடல, சில மாசத்துலயே 9,000 பேருக்கு மேல இறந்தாங்க, பெரும்பாலும் முதியவங்க. வயசு வாரியா தடுப்பூசி எவ்வளவு, சாவு எவ்வளவுன்னு ஒரே ஒரு படம் போட்டு அதையே விளக்குங்க, ஒரு செமினாருக்கு அது போதும். ஸ்லைட் ரெடியானதும் அனுப்புங்க தம்பி, பாத்துட்டு சொல்றேன்.