கேளுங்க, சொல்றோம்: மஞ்சப் பூ பூக்குறதெல்லாம் கரிசலாங்கண்ணி இல்லீங்க

நர்சரில மஞ்சள் கரிசலாங்கண்ணின்னு கேட்டு ஒரு தொட்டி வாங்கினேன். மழை பெய்ஞ்சதும் காம்பவுண்ட் ஓரம் முழுக்க படர்ந்துடுச்சு, பூவும் பளிச்சுன்னு மஞ்சளா இருக்கு. மாமியார் பாத்துட்டு இது அது இல்லம்மா, சமைக்காதேங்குறாங்க. இலை பளபளன்னு மூணு முனையா இருக்கு. யாரு சொல்றது சரி?
— ஒரு வாசகி, கும்பகோணம்

மாமியார் சொல்றதுதான் சரிங்க. நீங்க சொன்ன அந்த மூணு முனை, பளபளப்பு ரெண்டுமே போதும், அது சிங்கப்பூர் டெய்சி. பேருதான் சிங்கப்பூர், சொந்த ஊரு மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள் பக்கம். அழகுக்காக ரோட்டு நடுவுல, பார்க்குல, அபார்ட்மென்ட் வாசல்லன்னு வச்சு இப்ப வாய்க்கால் கரை வரைக்கும் வந்துடுச்சு, உலகத்துலயே மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள்னு போட்ட பட்டியல்ல இதுவும் இருக்கு.

பூவை வச்சு கண்டுபிடிக்கப் பாக்காதீங்க, ரெண்டும் ஒரே குடும்பம், நெருங்குன சொந்தம், பூ ஏமாத்திடும். இலையைப் பாருங்க. நம்ம மஞ்சள் கரிசலாங்கண்ணி, சில ஊர்ல பொற்றலைக்கையான்னு சொல்லுவாங்களே, அதோட இலை ஒடுங்கலா நீளமா இருக்கும், ஓரத்துல வெட்டு இருக்காது, இருந்தாலும் அங்கங்க லேசா ஒரு பல்லு மாதிரி தெரியும் அவ்ளோதான். விரலால தடவினா சொரசொரன்னு இருக்கும், பளபளப்பே கிடையாது. டெய்சி இலை தடிமனா அகலமா, ரெண்டு பக்கமும் தோள் மாதிரி பிதுங்கி நிக்கும். ஆனா ஒரு விஷயம், டெய்சில சில இலை மூணா பிரியாமலும் வரும், அதனால ஒரே இலையைக் கிள்ளிப் பாத்து முடிவு பண்ணாம ஒரு கொடியை நுனியிலேர்ந்து அடி வரைக்கும் பாருங்க.

பிடுங்கினதை தயவுசெஞ்சு வாய்க்காலோரம் கொட்டிடாதீங்க, ஒரு கணு மண்ணுல பட்டா போதும், வேர் விட்டுடும். மொட்டை மாடில வெயில்ல போட்டு மொறுமொறுன்னு காயவிட்டு அப்புறம் போடுங்க.

கரிசலாங்கண்ணியைக் கசக்கினா கை கருப்பாகும்னு சொல்றாங்களே, அப்படி டெஸ்ட் பண்ணலாமா?
— ஒரு வாசகர், தேனி

பண்ணலாம், ஆனா அது வெள்ளைக் கரிசலாங்கண்ணிக்குத்தான். வயல் வரப்புல வெள்ளையா பொடிப்பூ பூக்குமே, அதோட தண்டை நசுக்கி கொஞ்ச நேரம் விட்டா சாறு காத்து பட்டு கருக்கும். மஞ்சளுக்கு இந்த டெஸ்ட்டை நம்ப வேண்டாம், இலையையே பாருங்க. வெள்ளைல இன்னொரு குழப்பம் வெட்டுக்காயப் பூண்டு, ஆனா அதுக்குப் பூ நீளமான காம்புல தனியா தூக்கி நிக்கும், நடுவுல மஞ்சளா இருக்கும், முத்தினா விதை பஞ்சோட பறக்கும், கரிசலாங்கண்ணி விதை பறக்காது.

வெள்ளை, மஞ்சள் ரெண்டுலயும் இருக்குற வெடலோலாக்டோன்ங்குற வேதிப்பொருளோட அமைப்பை 1956ல மெட்ராஸ்ல வேதியியல் அறிஞர் டி.ஆர்.கோவிந்தாச்சாரி குழுதான் கண்டுபிடிச்சு எழுதினாங்க, நம்ம ஊர்ல நடந்த வேலைங்குறது நெறைய பேருக்குத் தெரியாது, அதான் சொல்றேன். அதுக்காக, காமாலைக்குக் கரிசலாங்கண்ணின்னு யாராவது சொன்னதும் இலையை அரைச்சுக் குடிச்சுட்டு வீட்லயே இருந்துடாதீங்க. வைரஸா, பித்தப்பைக் கல்லா, வேற எதுவுமான்னு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் பாத்தாத்தான் தெரியும், முதல்ல டாக்டர்.

மாடில மஞ்சள் கரிசலாங்கண்ணி வளருமா? விதை எங்க கிடைக்கும்?
— ஒரு வாசகி, ஆவடி

விதையைத் தேடி அலையாதீங்க, தெரிஞ்சவங்க வீட்ல கணுவோட ஒரு சாண் தண்டு வாங்குங்க. கீழ் இலையைக் கிள்ளிட்டு ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி படுக்க வச்சு நடுங்க, அது படர்ந்து போற செடி, அதனால ஆழமான தொட்டிய விட அகலமான க்ரோபேக்தான் நல்லது. செம்மண்ணோட மக்கின சாணி உரமும் கொஞ்சம் கோகோபீட்டும் போதும். ஈரம் காயவே கூடாது, அதுக்காக தண்ணி தேங்கவும் கூடாது. சித்திரை வெயில்ல நாள் பூரா வச்சா இலை சிறுத்து பழுத்துடும், முருங்கை, வாழைன்னு ஏதாவது ஒண்ணோட நிழல் விழுற இடம் பாருங்க. மாவுப்பூச்சி வந்தா வேப்பெண்ணெய்ல ரெண்டு சொட்டு சோப்பு கலந்து தண்ணில அடிங்க, அடிச்சா சில நாளைக்கு கீரை பறிக்காதீங்க.

வேரோட பிடுங்காம நுனியைக் கிள்ளிக் கிள்ளி எடுங்க, பக்கத்துல கிளைக்கும், வருஷக்கணக்குல இருக்கும். லேசா கசக்கும், பாசிப்பருப்பும் சின்ன வெங்காயமும் தாராளமா போட்டு, கடைசில தேங்காய் துருவி இறக்கினா பிள்ளைங்க கூட சாப்பிடுவாங்க.