கணக்கில் கெட்டிக்காரிக்கு மேனேஜ்மென்ட் கோட்டா எதற்கு?

ஐயா, உங்கள் கலக்கம் நியாயமானதுதான். கணிதத்தில் 98 வாங்கிய மகள் வேதியியலில் சறுக்கியதால், கலந்தாய்வில் கேட்ட கல்லூரி கிடைக்கவில்லை. கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிடலாம் என்கிறார் உங்கள் மைத்துனர்.

வேண்டாம். நகையை அடகு வைத்து அந்த இடத்தை வாங்காதீர்கள். அவள் முதல் சம்பளம் வாங்கும் முன்பே வட்டி வளர்ந்து நிற்கும். அதைக் கட்டப்போவது மைத்துனர் அல்ல. அதைவிட முக்கியம், அவள் கேட்பது கணிதம்.

"பி.எஸ்சி. கணிதம் படித்தால் டீச்சர் வேலைதான்" என்கிறார்களாம். டீச்சர் வேலை குறைந்ததல்ல. ஆனால் செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி கணிதத்தால் பூட்டும் கிரிப்டோகிராஃபி என்றொரு துறை இருப்பதை உறவினர்கள் அறியவில்லை. அதில் ஒரு மூலையை மட்டும் சொல்கிறேன்: குழுவுக்குச் சாவி பகிர்வது. 1,024 பேர் ஒரே ரகசியச் சாவியால் செய்திகளைப் பூட்டித் திறக்கிறார்கள். ஒருவர் விலகினால் சாவியை மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் தொடர்ந்து படிப்பார். மீதி 1,023 பேருக்கும் தனித்தனியாகப் புதுச் சாவி அனுப்பினால் நெட்வொர்க் திணறும். 1990-களின் இறுதியில் இதற்கு ஓர் அழகான வழி பிறந்தது. இரண்டிரண்டாகக் கிளைக்கும் மரத்தின் நுனிகளில் உறுப்பினர்களை வைத்து, ஒவ்வொரு கிளைப்புக்கும் ஒரு சாவி தருவது. ஒவ்வொருவரிடமும் தன் தனிச் சாவியும், தன் நுனிக்கு மேலே வேர் வரை உள்ள சாவிகளும் மட்டுமே இருக்கும். விலகியவருக்கு மேலே வேர் வரை உள்ள 10 சாவிகளை மட்டும் மாற்றினால் போதும். புதுச் சாவிகளைப் பூட்டி அனுப்ப வேண்டிய செய்திகள் 19தான். குழுச் செய்திகளைப் பாதுகாக்க 2023-இல் இணையத் தரமாக வெளிவந்த எம்.எல்.எஸ். நெறிமுறையும் மரத்தையே நம்புகிறது. அந்த 19 எப்படி வந்தது என்று மகளிடம் கேளுங்கள். தாளில் போட்டுக் காட்டுவாள்.

பாதை நீளமானது, மறைக்க மாட்டேன். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி., ஜாம் என்ற நுழைவுத் தேர்வெழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி., பிறகு கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் கிரிப்டாலஜிக்கென்றே உள்ள எம்.டெக். அங்கே மாத உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள். சென்னை தரமணியிலேயே செட்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் இந்தத் துறையில் இயங்குகிறது. ஏழு ஆண்டுகள் பொறுக்க முடியாது என்றால் எம்.எஸ்சி.யோடு நிறுத்திக்கொண்டு பாதுகாப்பு மென்பொருள் வேலைக்கும் முயலலாம். அதற்கு நிரல் எழுதும் பழக்கத்தை முதலாண்டிலேயே தொடங்கட்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பாடத்திட்டத்தை வாங்கி, எண் கோட்பாடும் நவீன இயற்கணிதமும் இருக்கின்றனவா, அவற்றை நடத்த நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்கும்போது மகளையும் கூட்டிச் செல்லுங்கள். மைத்துனர் வர வேண்டியதில்லை.