கப்பல் சுற்றுலாவுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வரும் ஆவணியில் அறுபதாம் கல்யாணம். அதையொட்டி பெற்றோரையும் மனைவியையும் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போகும் நான்கு இரவுக் கப்பல் சுற்றுலாவுக்கு அழைத்துப் போக ஆசை. ஒருவருக்கு 45,000 ரூபாய் என்று விளம்பரம் பார்த்தேன். 15 சதவீத வட்டியில் இரண்டு ஆண்டுக்கு 3 லட்சம் தனிநபர் கடன் கிடைக்கிறது. வாங்கலாமா? – கரூர் வாசகர்

பதில்: பெற்றோர் நடமாட்டத்தோடு இருக்கும்போதே அழைத்துப் போக நினைக்கிறீர்களே, அது நல்ல மனது. கட்டாயம் போய் வாருங்கள். ஆனால் கடன் வேண்டாம்.

விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் அறைக்கும் சாப்பாட்டுக்குமான விலை மட்டுமே. துறைமுக வரி அதில் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஊழியர்களுக்கான டிப்ஸை பல கப்பல்களில் தினமும் தலைக்கு இவ்வளவு என்று கணக்கில் ஏற்றிவிடுவார்கள். 18 அமெரிக்க டாலர் என்று வைத்தாலே நான்கு பேருக்கு நான்கு நாளில் 288 டாலர், அதாவது ஏறக்குறைய 25,000 ரூபாய். சிங்கப்பூருக்குத் திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. ஆனாலும் கப்பல் கிளம்புவதற்கு முதல் நாளே போய் ஓட்டலில் தங்குங்கள். விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. இவற்றோடு விசா, காப்பீடு, கார்டில் டாலர் செலவழித்தால் வங்கி பிடிக்கும் கூடுதல் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் நான்கு பேருக்கான 1.8 லட்சம் எளிதில் 3 லட்சத்தைத் தொட்டுவிடும்.

அந்த 3 லட்சத்தைக் கடனாக வாங்கினால் மாதம் சுமார் 14,500 ரூபாய் தவணை, வட்டி மட்டும் 49,000. ஏறத்தாழ இன்னொருவரின் டிக்கெட்! அதே 14,500 ரூபாயை மாதாமாதம் ஆர்.டி.யில் (வங்கித் தொடர் வைப்பில்) போடுங்கள். 6.5 சதவீத வட்டி கிடைத்தால் இருபதே மாதத்தில் 3 லட்சத்தைத் தாண்டிவிடும். கல்யாணத்தை ஆவணியில் திருக்கடையூரிலோ வீட்டிலோ நடத்துங்கள். அதற்குத்தான் நாள் தவறக் கூடாது, கப்பலுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை வரும் ஜூன், டிசம்பர் மாதங்களைத் தவிர்த்தால் விலையும் இறங்கும்.

பால்கனி அறைக்கு ஆசைப்பட வேண்டாம். கடலைப் பார்க்க மேல்தளம் இருக்கிறது, அதற்குக் காசில்லை. பெற்றோருக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், லிப்டுக்கு அருகில் அறை கேளுங்கள். ஆட்டம் குறைவாகத் தெரியும். பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனிலேயே இருக்கிறது. லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம், கப்பல்காரர்கள் விற்கும் ஊர்சுற்றும் டிக்கெட் தேவையில்லை. புக்கெட்டில் பல கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு, சிறு படகில்தான் கரைக்குக் கொண்டுபோகும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது சிரமம், முன்பே விசாரியுங்கள்.

செலவைக் குறைக்கக் கூடாத ஓர் இடம் காப்பீடு. இங்குள்ள மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வெளிநாட்டில் செல்லாது. கப்பல் மருத்துவரின் கட்டணமோ டாலரில் வரும். சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். கப்பலிலிருந்து அவசரமாகக் கரைக்குக் கொண்டுவரும் செலவும் பாலிசியில் அடங்குகிறதா என்று பாருங்கள். கப்பல் மறுபடி சிங்கப்பூருக்கே திரும்புவதால், ஒருமுறைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசாவாக இருக்க வேண்டும் என்பதையும் முகவரிடம் சொல்லிவிடுங்கள்.